கடிகாரம் பார்த்துப் போட்ட தாயம்

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே கணக்குப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. லேடெக்ஸ் என்னும் மென்பொருளில் எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். ஒரு பகடை வேண்டுமென்றாலும், மூலை மழுங்கிய சதுரம், அதற்குள் இன்ன இடத்தில் இன்ன புள்ளி என்று சொல்லிச் சொல்லித்தான் வரைய முடியும். நிகழ்தகவுப் பாடத்துக்காக ஆறு முகங்களையும் அப்படித்தான் வரைந்தேன்.

அந்தச் சமயம் என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்து வீட்டில், தொடை எலும்புக்கு ஆபரேஷன் செய்து படுத்திருந்தாள். வாக்கர் பிடித்து நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ கட்டிலைவிட்டு அசைய மாட்டேன் என்றாள். விழுந்த பயம். அத்தான் கெஞ்சிப் பார்த்துவிட்டார். இப்படியே முடங்கிவிடுவாளோ என்று எனக்குக் கவலை.

மனசையாவது மாற்றலாம் என்று தாயம் ஆடக் கூப்பிட்டேன். பகடைக் கட்டளையைத் திருத்தித் தாயக்கட்டை இரண்டு வரைந்தேன். அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் புள்ளியே இல்லாத ஒரு முகம். எழுதுவதற்கு அதுதான் சுகம். கட்டளையை ஓட்டினால் எந்த முகம் விழும் என்பதைக் கணினியே முடிவு செய்யும். வீடியோ காலில் திரையைக் காட்டினேன். அக்கா கட்டிலில் பலகையை வைத்துக் காய் நகர்த்தினாள்.

முதல் நாளே வம்பு. எனக்குத் தாயம் விழுந்தது. தாயம் விழுந்தால் இன்னொரு தடவை போடலாம். போட்டேன், தாயம். மறுபடியும் தாயம்.

“ஏட்டி, அழுகுணி ஆட்டம் ஆடுதியா? எம்புட்டுத் தாயம்டி விழும்!”

சத்தியம் செய்தும் நம்பவில்லை. கட்டளையைத் துருவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மென்பொருள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. நிமிடம் மாறாவிட்டால் எத்தனை தடவை ஓட்டினாலும் அதே முகம்தான். புத்தகத்துக்குப் பகடை வரைகிறவர்கள் கண்ணில் இது படாது. விழுந்த கையோடு மறுபடி போடுகிற தாயக்காரிகள்தான் மாட்டிக்கொள்வோம்.

“அப்ப நிமிஷம் மாறுன பொறவு போடு.”

“மாறிருச்சுக்கா.”

“ஒன் மிஷினு, ஒன் மணி. நான் எங்க வீட்டுக் கடிகாரத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் கைய வைக்காத.”

அந்தக் கடிகாரம் கூடத்துச் சுவரில் இருந்தது. “அத்தானப் பாக்கச் சொல்லேன்,” என்றேன்.

“அவிய எப்பவும் ஒன் பக்கந்தான்.”

போன் கட்டிலில் விழுந்தது. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. வாக்கர் தரையில் உரசும் சத்தம், பின்னாலேயே “மெல்ல, மெல்ல” என்று அத்தான். முள் நகர்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறாள்.

“மாறிட்டு! போடு!”

அதிலிருந்து தாயம் விழும்போதெல்லாம் இதே நடைதான். கட்டளையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். எனக்கு அது அன்றைக்கே தெரியும். அக்கா தன் காலால் பக்கத்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் சேர்த்தேன்.