கதாநாயகி சொன்ன பதில்

எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டிக்கு ஒரு பாட்டு உண்டு. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று காலையில் பாடிவிட்டு அது பாட்டுக்குப் போய்விடுகிறது. ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் என் மண்டைக்குள் மறுபடி வந்து நிற்கிறது. "வாய மூடிட்டு உறங்கு, குப்பைய நாளைக்குக் குடுப்போம்" என்கிறார் வீட்டுக்காரர். நான் வாயையே திறக்கவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

இந்த வியாதி எனக்குப் புதிதில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த காலத்திலேயே பிடித்தது. ஹாஸ்டலிலிருந்து பள்ளிக்கு மினிபஸ். உள்ளே டீசலும் பிச்சிப்பூவும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் பிச்சிப்பூ வாங்கினால் எனக்குக் குமட்டும், அது வேறு கதை. டிரைவர் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போதே கேசட்டையும் முதலிலிருந்து போடுவார். அதனால் தினமும் ஒரே சினிமாப் பாட்டின் ஒரே இடத்தில் என் ஸ்டாப் வரும். கதாநாயகன் உருகி உருகி என்னவோ கேட்பான். கதாநாயகி பதில் சொல்வதற்குள் நான் இறங்கியாக வேண்டும்.

அவள் என்னதான் சொன்னாள்? படுத்தால் இதே கேள்வி, அதே ராகத்தில். உறக்கம் கெட்டு, ஒருநாள் மூன்றாம் வகுப்பில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். தங்கமான பிள்ளைகள், டீச்சர் முழித்துவிடக் கூடாதென்று மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதிதான் ஹெட்மிஸ்ட்ரஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை உறங்கினால் வேலை கிடையாது என்றார். வேலை போனால் வீட்டுக்குப் போக வேண்டும். போனால் அப்பா பார்த்து வைத்திருந்த பேச்சிப்பாறை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

அறைத்தோழி ஸ்டெல்லா முட்டத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் ஒரு மருந்து வைத்திருப்பாள். "ஏட்டி, பாட்ட முழுசா கேட்டாத்தான் அது எறங்கிப் போவும். ஞாயித்துக்கெழம பஸ்ஸுல கடைசி வரைக்கும் போவோம்" என்றாள்.

போனோம். கதாநாயகன் கேட்டான். என் ஸ்டாப் தாண்டியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். 'கீய்ங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, அவ என்ன சொன்னா?" என்று ஸ்டெல்லா டிரைவரிடமே கேட்டுவிட்டாள்.

"அங்கன டேப்பு சிக்கி அறுந்துபோச்சு மக்ளே. வெட்டி ஒட்டி வச்சிருக்கேன்" என்றார் அந்த மனிதர், கூசாமல்.

அன்று ராத்திரி நான் அழுதேவிட்டேன். ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்தாள். "கரையாதட்டி. அவ சொன்னத நான் சொல்லுகேன், கேளு" என்று அதே ராகத்தில் சொந்தமாக இரண்டு வரி கட்டிப் பாடினாள். அதில் சாளை மீன் உண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் உண்டு, பேச்சிப்பாறை மாப்பிள்ளையும் உண்டு. வார்டன் வந்து கதவைத் தட்டும்வரை சிரித்தோம். பிறகு உறங்கினேன் பாருங்கள், அப்படி ஓர் உறக்கம்! அதற்குப் பின் தினமும் அவள் பாடிய பிறகுதான் கண்ணை மூடுவேன். வேலையும் தப்பியது, கழுத்தும் தப்பியது.

போன வாரம் குப்பை வண்டியின் தொல்லை தாங்காமல் அந்தப் பழைய மருந்தைத் தேடினேன். சினிமாப் பாட்டு போனில் முழுசாகவே கிடைத்தது. நிஜக் கதாநாயகி சொன்ன பதில் சப்பென்று இருந்தது. சரி, ஸ்டெல்லாவின் வரிகளைப் பாடிப் பார்க்கலாமென்றால் ராகம் வருகிறது, சொல் ஒன்றுகூட வரவில்லை. குவைத்தில் இருக்கும் அவளையே கூப்பிட்டேன்.

"அய்யோ மக்கா, அப்பிடி ஒண்ணு பாடினேனா? எனக்கு ஓர்மையே இல்லையே" என்றாள்.

உலகத்திலேயே அந்த வரிகளைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டே பேர். இனி அதை எந்தப் போனில் போய்த் தேடுவது?