பெயிண்ட் அடித்த இடம்

முதலில் விழுந்தது ஒரு காரைத் துண்டு. பெரியது ஒன்றும் இல்லை, ஒரு தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். மாடி வராந்தாவின் அடிப்பக்கத்திலிருந்து பெயர்ந்து, எங்கள் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலி மேல் விழுந்து அதன் காலை உடைத்தது. தினமும் காலையில் என் மகள் அந்த முக்காலியில்தான் உட்காருவாள். நான் பின்னால் நின்று தலை பின்னிவிடுவேன். அன்றைக்குச் சீப்பு எடுத்து வர மறந்துவிட்டாள் என்று திட்டி உள்ளே அனுப்பியிருந்தேன். என் வாய்க்கும் ஒரு நல்ல நேரம் உண்டு என்று என் கணவர் பிறகு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்களுடையது லைன் வீடு. கீழே நான்கு, மேலே நான்கு, எல்லாம் ஒரு அறையும் ஒரு சமையலறையும். மாடியில் இருப்பவர்கள் நடந்து போக நீளமாக ஒரு வராந்தா. அவர்களுக்கு அது பாதை, கீழே இருக்கும் எங்களுக்கு அதுதான் வாசல் கூரை. ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லோரும் தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அந்த ஒரு வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த இளம் தம்பதி இருந்தார்கள்.

நான் செக்கிங்கில் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் என்று தேடிப் பிடித்து, அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. வேலை முடிந்தாலும் கண் ஓயாது. வராந்தாவின் அடியில் மயிரிழையாக விரிசல் ஓடியதை நான் எப்போதோ பார்த்துவிட்டேன். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் நீண்டது. "அங்கயும் போய் ஸ்டிக்கர் ஒட்டிராத தாயே" என்று கணவர் கேலி செய்வார்.

உடைந்த முக்காலியை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்கு, வீட்டு ஓனரிடம் போனேன். தறி ஓட்டிய குடும்பம் அவருடையது. தறியை விட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்து, அதில் சேர்ந்ததைப் போட்டு ஒவ்வொரு வீடாகக் கட்டியவர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கெட்ட மனுஷர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கம்பெனிகள் மூடிக் கிடந்த கொரோனா நாட்களில் வாடகை கேட்டு ஒரு கதவைக்கூட அவர் தட்டியதில்லை. ஆனால் கட்டடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"நான் நின்னு கட்டுன ஊடுங் கண்ணு. மேல இருக்கற காரைதான் உதிருது, உள்ள கல்லாட்டம் இருக்குது. நீங்க பயந்துக்காதீங்க."

மறுநாள் புது முக்காலி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார். போன முக்காலிக்கு வந்த முக்காலி சரியாகிவிட்டதாம். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மொட்டை மாடிக்குப் போய் மாநகராட்சிக்கு போன் போட்டு, கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று புகார் கொடுத்தேன். கணவரிடம்கூட அன்று சாயங்காலம்தான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "யாருட்டயும் சொல்லிராத" என்றார்.

அவர் பயம் நியாயமானது. புகார் கொடுத்தது யார் என்று தெரிந்தால் ஓனர் எங்களைக் காலி செய்யச் சொல்வார். மகளுக்கு நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், எனக்கு வாசலிலேயே கம்பெனி வேன். இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போய் வீடு தேடுவது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓனர் ஒவ்வொரு கதவாக வந்தார். மாநகராட்சியிலிருந்து அவருக்கு போன் வந்திருந்தது. திங்கட்கிழமை இன்ஜினியர் கட்டடத்தைப் பார்க்க வருகிறார் என்றும், யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"யாருன்னு சொல்லிருங்க. சண்டைக்கெல்லாம் நான் போக மாட்டேன். அந்த ஊட்டை மட்டும் காலி பண்ணிக் குடுங்கன்னு கேப்பேன், அவ்வளவுதான்."

எங்கள் வாசலுக்கு வந்தபோது, "உங்களுக்குத் தெரியுமாங் கண்ணு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். தெரியாதுங்க என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னேன். போகும்போது அவர் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொன்றையும் சொன்னார். கட்டடம் சரியில்லை என்று எழுதிவிட்டால் எட்டு வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், அதற்குத் தான் பொறுப்பில்லை என்று.

அந்தப் பேச்சு வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஜெபத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, எங்கள் லைன் வீட்டில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது.

ஆடிட் என்றால் திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வருவதற்கு முன்னால், வழியை அடைத்து நிற்கும் பெட்டிகளெல்லாம் எங்கேயோ மறையும். தரையில் மஞ்சள் கோடு பளபளக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் அன்றைக்குத்தான் பஞ்சு வரும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வித்தை முழுவதையும் என் அக்கம்பக்கத்தார் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். சாக்கடை கழுவியாயிற்று. ஆடும் கைப்பிடிக் கம்பி மேல் சேலை காயப் போட்டாயிற்று. மாடி முதல் வீட்டு அக்கா, கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கும் டெய்லர், ஸ்டூல் மேல் ஏறி நின்று, காரை விழுந்த இடத்தில் சிமெண்டைப் பூசிக் காயவைத்து, அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தையலில் எவ்வளவு சுத்தமோ அதிலும் அவ்வளவு சுத்தம். விரிசல் இருந்த சுவடே இல்லை.

"என்னக்கா இது? நாளைக்கு உங்க பிள்ளையள்தான மேல நடக்கணும்?" என்று கத்திவிட்டேன்.

"ஏட்டி, சத்தம் போடாத. அவங்க வந்து எழுதிட்டுப் போயிட்டா பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் எங்கன போய் நிக்க? நீ சொல்லு" என்றார் அக்கா, பிரஷை நிறுத்தாமல்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து இன்ஜினியர் வந்துவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் சின்னச் சுத்தியல். வீட்டில் ஆள் இருக்கும்போது பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று சொன்னார். ஓனர் கூடவே நடந்தார். கேட்டதற்கெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில் வந்தது. "எல்லாம் நல்லா இருக்குங்க மேடம். ஒரு குறையும் இல்லைங்க மேடம்." சுத்தியல் இன்னும் எங்கேயும் படவில்லை. இன்ஜினியர் ஃபைலில் ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்போது படியிறங்கி வந்தார் ஒடிசாத் தம்பி. இன்ஜினியர் அவரையும் நிறுத்தி, "இங்க ஏதாவது கம்ப்ளெயிண்ட் இருக்குதாங்க தம்பி?" என்று கேட்டார்.

ஃபைலையும் அடையாள அட்டையையும் பார்த்த அந்தத் தம்பி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"எட்டு மணி நேரம் வேலை மேடம். ஓ.டி. இல்ல. ஞாயிறு லீவு. குடிக்க தண்ணி இருக்கு. டாய்லெட் கிளீன். சூப்பர்வைசர் திட்டறது இல்ல மேடம்."

அவர் மனைவி மேலே நின்று தலையில் அடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். அவ்வளவுதான், எட்டு வீட்டுச் சனமும் வெடித்துச் சிரித்துவிட்டது. இன்ஜினியரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஃபைலை மூடினார்.

"எங்கம்மாளும் கம்பெனிக்குப் போனவங்கதானுங்க. ஆடிட்டுன்னா என்னன்னு எனக்கும் தெரியும். இப்பச் சொல்லுங்க, எதை மறைச்சு வெச்சிருக்கறீங்க?"

கணவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் செக்கிங் கண்ணை எங்கே கொண்டு போய்க் கட்டிவைப்பது? அது தன்பாட்டுக்கு மேலே போய்விட்டது. என் கண் போன இடத்துக்கே இன்ஜினியரின் கண்ணும் போனது.

"ஏனுங்க, சுவரெல்லாம் அழுக்கா நிக்குது. இந்த எடம் மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது?"

ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, சுத்தியலால் தட்டினார். காலி டப்பாவைத் தட்டிய சத்தம் வந்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓரமாக நின்று இன்னொரு தட்டு தட்டினார். நேற்றுப் பூசிய சிமெண்டும் பழைய காரையும் பாளமாகப் பெயர்ந்து விழுந்தன. உள்ளே கம்பி இருந்தது. துருப்பிடித்து, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. அக்கா தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மேடம், காலி பண்ணச் சொல்லுவீங்களா?" என்று அக்காதான் கேட்டார்.

"சரி பண்ணச் சொல்லித்தாங்க நோட்டீஸ். இவங்களக் காலி பண்ணுங்கன்னு இல்ல" என்றார் இன்ஜினியர். பிறகு ஓனரைப் பார்த்து, கெடுவுக்குள் வராந்தாவை இடித்துக் கட்ட வேண்டும், அதுவரைக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும், மேலே ஒருத்தரும் நடக்கக் கூடாது, செய்யாவிட்டால் அப்போது சீல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று விளக்கினார். ஓனர் முகம் கடுகடுவென்று இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் இன்ஜினியர் முன்வீட்டுப் பக்கம் நடந்தார். ஓனர் தினமும் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கும் இடத்துக்கு மேலே இருந்த சன்ஷேடிலும் சுத்தியலால் ஒரு தட்டு. அங்கேயும் அதே காலி டப்பாச் சத்தம்.

ஓனர் அண்ணாந்து பார்த்தார். "முருகா" என்று சொன்னார். அப்புறம் நாற்காலியை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பி முட்டுகள் வந்து இறங்கின. ஓனர் தன் பழைய ஜாப் ஒர்க் ஷெட்டில் கிடந்த மெஷின்களை ஓரம்கட்டி, கழுவிவிட்டு, மாடியில் இருந்தவர்கள் தங்க இடம் கொடுத்தார். அக்கா குடும்பத்துக்கு அங்கே இடம் போதவில்லை. அக்காவையும் பிள்ளைகளையும் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு அறைக்குள் இத்தனை பேர் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. டிவிக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று. ஆனாலும் என் மகளுக்குத் தினமும் தலை பின்னிவிட்டது அக்காதான். நான் பின்னினால் இழுக்கிறேனாம்.

பழைய வராந்தாவை இடித்து, புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டார்கள். போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் நனைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் ஊரில், வீட்டுக்கு ஒரு குடம் என்று எல்லோரும் தாங்களாகவே கொண்டு வந்து ஊற்றினார்கள். ஓனர் வீட்டிலிருந்தும் குடம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் நானும் அக்காவும் மட்டும் மேலே ஊற்றிக்கொண்டிருந்தோம். புதுக் கான்கிரீட்டின் வாசம் எனக்குப் பிடித்திருந்தது. இனிமேல் இதற்கு அடியில் என் பிள்ளை பயமில்லாமல் உட்காரலாம் என்று நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. இவரிடம் இன்னும் எதற்கு மறைப்பது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்குப் புகார் குடுத்தது நான்தான்."

அக்கா குடத்தைச் சரித்தபடியே, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஒன்னய விட்டா இந்த லைன்ல யாருக்குட்டி அவ்வளவு கோவம் வரும்? எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் தெரியும். மேல இருக்க அந்த ஒடிசாப் பிள்ளையளுக்கும் தெரியும்."

சனிக்கிழமை ஓனர் ஒவ்வொரு கதவாக நின்று கேட்டது நினைவுக்கு வந்தது. என் பெயரைச் சொல்லியிருந்தால் ஓனர் எங்கள் ஒரு வீட்டை மட்டும் காலி செய்யச் சொல்லியிருப்பார். அன்று எங்கள் கதவைத் தவிர அவர் தட்டியது ஏழு கதவு.

"பின்ன ஏங்க்கா ஒருத்தரும் சொல்லல? நீங்கல்லாம் பயந்துபோய் பெயிண்டுல்லா அடிச்சீங்க?"

"வீடு போயிருமோன்னு பயந்தோம்ட்டி. அதுக்காவ ஒன்னயக் காட்டிக் குடுப்போமா?"

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குடத்துக்குக் கீழே இறங்கினேன்.