பெரியவள் பிள்ளைக்குச் சொன்னது

பரம்பரையாக வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளை ஆராய்வதுதான் அந்த டாக்டரம்மாவின் வேலை. சில குடும்பங்களில் ஆண் குழந்தைகள் மட்டும் ஒரு வயதுக்குள் சளியிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களை உட்கார வைத்து, கொள்ளுத்தாத்தா வரைக்கும் உறவுகளைப் படமாக வரைவாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு கோடு. ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'வம்சம் டாக்டர்' என்றே பெயர்.

"கல்யாணத் தரகு வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் பங்களா கட்டியிருக்கலாம்," என்பார் கணவர்.

"அங்கேயும் செத்தவங்களைத்தான் முதல்ல விசாரிப்பேன். ஒரு கல்யாணமும் நடக்காது," என்பாள் அவள்.

அவளிடம் ஒரு பெரியவளும் சின்னவளும் வந்தார்கள். கூடப் பிறந்தவர்கள். இரண்டு பையன்களைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள் பெரியவள். பிறந்ததும் ரத்தம் பார்த்ததில் அந்தப் பிள்ளைக்கும் அதே குறை.

"சில தடுப்பூசியில பலவீனமாக்கின கிருமி உயிரோட இருக்கும். மத்தப் பிள்ளைங்களுக்கு அது காவல். இவனை அதுவே கொன்னுடும். என்னைக் கேக்காம ஒரு ஊசியும் போடக் கூடாது!" என்றாள் டாக்டர் பெரியவளிடம்.

பெரியவளைவிட வேகமாகத் தலையாட்டினாள் சின்னவள். பிள்ளைக்கு அவன் அப்பாவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பையன் பிழைத்தான். அந்தக் குடும்பத்தின் படத்தில், குறையோடு பிறந்தும் கோடு விழாத ஒரே கட்டம்! கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அன்று அழுது தீர்த்தாள் டாக்டர். பிள்ளைகளுக்குக் கடத்துவாளா என்று சின்னவளின் ரத்தத்தையும் சோதித்திருந்தாள். "உனக்கு அந்தக் குறை இல்லம்மா," என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து, தட்டம்மை மூளைக்கு ஏறிய நிலையில் ஒரு சிறுமி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். சின்னவளின் மகள்.

"தடுப்பூசி போட்டிருக்கா?" என்றாள் டாக்டர்.

"ஒண்ணுகூடப் போடலை டாக்டர். நர்ஸம்மா வீடு தேடி வந்தப்பகூட, 'எங்க டாக்டர் சொல்லாம என் பிள்ளையைத் தொடாதே'ன்னு விரட்டிட்டேன். அக்கா பிள்ளையைக் காப்பாத்தினவங்க வார்த்தையை மீறுவேனா?"

அந்தக் குரலில் இருந்த பெருமை!

சிறுமி கண் திறக்கவே இல்லை. மறுநாள் மூச்சு அடங்கியது. வெளியே பெஞ்சில், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அழுது ஓய்ந்திருந்த சின்னவள் டாக்டரின் கையைப் பற்றினாள்.

"நான் எதுல தப்பு விட்டேன்னே தெரியலை டாக்டர். இந்தப் பிள்ளைக்கும் ஊசி போடக் கூடாதுதானே?"

ஆமாம் என்றால் வயிற்றில் இருப்பதும் போய்விடலாம். இல்லை என்றால், மகளைத் தானே கொன்றதாக நினைத்து இவளே போய்விடுவாள். டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடணும்மா. எல்லா ஊசியும், காலத்துல."

சின்னவள் மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... இவளுக்கு?"

"இவளுக்கும் போட்டிருக்கணும். போன்ல அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது, உன்னோடது இல்லை."

பற்றியிருந்த கை மெல்ல விலகியது. சின்னவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே மகள் கிடந்த அறையை நோக்கி நடந்தாள். தாங்கப் போன டாக்டரிடம் திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க வர வேண்டாம்."