எண்ணெய் பிரேக்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் நான் பம்பாயில், தாராவியில் ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தா. அங்கே லாரி ஓட்டியவர் திருநெல்வேலிக்காரர். ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்கள். ஒரே கம்பெனியின் சின்ன லாரியில் மூன்று மாடல்களை ஓட்டியவர். முதலாவதற்குக் கதவே கிடையாது, இரண்டாவதற்கு அரைக்கதவு, புதிதாக வந்த மூன்றாவதற்குக் கண்ணாடி வைத்த முழுக்கதவு, எண்ணெய் பிரேக். நாங்கள் எல்லோரும் அதை மெச்சினோம். அவர் மட்டும் தினமும் ஏறுவதற்கு முன் குனிந்து, வண்டிக்கு அடியில் தரையைத் தடவிப் பார்ப்பார்.

“பழசுல கம்பி பிரேக்கு. அறுந்தா சத்தம் கேக்கும். இதுல எண்ணெய் ஒழுகுனா சொல்லாது சார்,” என்பார்.

ஒரு நாள் காலை தோல் ஏற்றிக்கொண்டு நானும் அவரும் கிளம்பினோம். அன்றும் தடவிப் பார்த்தார், தரை காய்ந்திருந்தது. சயான் மேட்டில் பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் அப்படியே தரையோடு போய் ஒட்டியது. கீழே குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அவர் எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“குதிச்சிருங்க சார்!”

குதித்தேன். முழங்கால் கிழிந்தது. பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். லாரி சாலையோரம் கொட்டியிருந்த மணலில் ஏறிச் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை.

நொண்டிக்கொண்டே ஓடினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“நீங்க ஏன் குதிக்கலை?” என்றேன்.

“குதிக்கத்தான் பாத்தேன் சார். பயத்துல கை வரமாட்டேன்னுட்டு.”

அவர் பொய் சொல்பவரல்ல. ஆனாலும் பயத்தில் மரத்துப்போன கை, குழாயடியை விட்டு மணல் பக்கம் எப்படித் திரும்பியது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.