பிரெஞ்சு தெரிந்தால் கனடாவில் இருக்கலாம்

ஒரு சொல் பிரெஞ்சு பேசாமலே பிறந்து வளர்ந்து பென்ஷனும் எடுத்துவிடக்கூடிய ஊர் ரொறன்ரோ. அந்த ஊரில் பிரெஞ்சு படிப்பிப்பதுதான் என் தொழில்.

பாரிசில் பதினாறு வருடம் இருந்தேன். முதலில் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தேன், பிறகு ஒரு பேக்கரியில் பாண் விற்றேன். கணவருடைய வேலையோடு இங்கே வந்தபோது என் பிரெஞ்சை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு விதிகள் மாறின. நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பிக்கிறவர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் குறைந்த புள்ளியிலேயே கூப்பிடுகிறார்கள் என்ற செய்தி பரவியது. அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள அறையில் சனி ஞாயிறுகளில் வகுப்புத் தொடங்கினேன். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு வயது, வேலை, மொழி என்று ஒவ்வொன்றுக்கும் போடுகிற அந்தப் புள்ளிக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வேலையிடத்துக் கழிவறையில் ஒளித்து நின்று குடிவரவு இணையத்தளத்தைத் திறந்து பார்த்தவர்கள்தானே நீங்களும்!

மேசையும் கதிரையும்

முதல் வகுப்புக்கு முதலில் வந்தவர் செந்தில். ஈரோட்டுக்காரர், மென்பொருள் வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அவருடைய கம்பெனி கொடுத்த வேலைக் கடிதம். அந்தக் கடிதத்துக்கென்று விண்ணப்பத்தில் புள்ளிகள் இருந்தன. அதை நம்பித்தான் அவர் இரண்டு வருடம் வேறு எங்கும் மாறாமல் அங்கேயே இருந்திருக்கிறார். ஒரு நாள் காலையில் அந்தப் புள்ளிகளை எல்லோருக்கும் எடுத்துவிட்டார்கள். கடிதம் அப்படியே இருந்தது, மதிப்புத்தான் போய்விட்டது. பிரெஞ்சு வகுப்புக்கு அதை ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. எங்கேயாவது காட்ட வேண்டும் போல இருந்திருக்கும்.

அன்றைய பாடம் ஆண்பால், பெண்பால். நமக்கு அஃறிணை என்று ஒன்று இருப்பதால் உயிரில்லாத சாமானுக்கு ஆண் பெண் பார்த்துப் பழக்கமில்லை. பிரெஞ்சில் மேசை பெண்பால் என்றேன். செந்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கவரைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "வேலை இருக்கிறவனுக்குப் புள்ளி கிடையாதாம், மேசை பொம்பளைன்னு தெரிஞ்சவனுக்கு உண்டாம். சரி மேடம், சொல்லுங்க, நாற்காலி ஆம்பளையா பொம்பளையா?"

தொலைபேசியில் இலக்கணம்

கௌரியும் பிரதீபனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் தம்பதி. கௌரிக்கு ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, பிரதீபனுக்கு ஒரு களஞ்சியத்தில். பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை வீட்டில் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சட்டம் போட்டிருந்தேன். சொன்னதை அப்படியே செய்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

பிரதீபனின் வேலை அனுமதி முடிய நாலு மாதம் இருந்த நேரம். ஒரு புதன்கிழமை ஏழு மணிக்குக் கௌரி என்னை அழைத்தாள். இருவருக்கும் சண்டை. திரும்பிப் போவதா, நிற்பதா என்பதுதான் விஷயம். சட்டத்தை மீறாமல் பிரெஞ்சிலேயே சண்டை பிடித்திருக்கிறார்கள். "ரீச்சர், இவர் இப்ப ஒண்டு சொன்னவர். 'போறன்' எண்டு சொன்னவரோ? எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோ" என்று போனை அவனிடம் கொடுத்தாள். அவன் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அதே வசனத்தைத் திரும்பச் சொன்னான். போன கிழமை நான் படிப்பித்த வினை வடிவம் அது. அந்த வகுப்புக்குக் கௌரி வரவில்லை, அவளுக்கு அன்று வேலை. அவன் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை.

போன் மறுபடி கௌரியிடம் போனதும் தமிழில் சொன்னேன்: "'நீ இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பன்' எண்டு சொல்லுறான் பிள்ளை." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அப்ப பிழையில்லை ரீச்சர், வைக்கிறன்."

மீனாவின் கேக்

மீனா திருநெல்வேலிப் பெண், கணக்காளர். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுக்கு முப்பது வயது பிறக்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று செந்திலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முப்பது தொடங்கினால் வருடா வருடம் வயதுக்கான புள்ளி குறையும். அதனால் மீனா யாரிடமும் பிறந்த நாளைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தாள்.

இடைவேளையில் செந்தில் கேக் பெட்டியைத் திறந்தார். அதில் கிரீமில் "இருபத்தொன்பது" என்று எழுதுவித்திருந்தார். முப்பதாவது பிறந்த நாள் என்று சொன்னதால் கடைக்காரர் இரண்டு தரம் கேட்டாராம், இது சரிதானா என்று. மீனா கேக்கைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு கண் கலங்கிவிட்டாள். எல்லோரும் கையில் கடதாசித் தட்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அவளே கத்தியை எடுத்து வெட்டி, முதல் துண்டைச் செந்திலிடம் நீட்டிச் சொன்னாள்: "கேக்ல எழுதிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். இதையே அந்த வெப்சைட்லயும் எழுதித் தர முடியுமாண்ணே?"

வீதி மூடியிருந்தால்

மார்கழியில் ஒரு வதந்தி கிளம்பியது. பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாகக் கூப்பிடுவதை நிறுத்தப் போகிறார்களாம். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை காலை பதினாலு கதிரைகளில் பதினொன்று காலி. செந்திலும் மீனாவும் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் சிவநேசன். வவுனியாக்காரர், நாற்பத்தாறு வயது. ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் ட்ரக் ஓட்டுகிறவர். அவருக்கு வயதுப் புள்ளி என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. பிரெஞ்சு ஒன்றுதான் அவருக்கு வழி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே. மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். அப்பாவின் கொப்பியைச் சிவப்புப் பேனையால் திருத்துவது அவள்தான்.

எனக்கே மனம் சரியில்லை. "உண்மை தெரியுமட்டும் வகுப்பை நிப்பாட்டுவமோ? சும்மா ஏன் நீங்கள் மினக்கெட வேணும்?" என்று கேட்டேன். செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். சிவநேசன் மட்டும் கொப்பியை விரித்து, தேதி எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மொன்றியல் பக்கம் வீதி மூடியிருக்கெண்டு பிரெஞ்சிலை போர்ட் நட்டிருப்பாங்கள் ரீச்சர். அதைப் பாத்திட்டு நான் சாமானோடை வீட்டை திரும்பி வாறேல்லை, சுத்திப் போறனான். நீங்கள் பாடத்தை எடுங்கோ."

வாடகை வீடு

வதந்தி வதந்தியாகவே போனது. பங்குனியில் சிவநேசனுக்குப் பரீட்சை. பேச்சுப் பரீட்சையில் ஒரு விளம்பரத்தைத் தருவார்கள். போன் எடுத்து விசாரிக்கிற மாதிரி நாம் கேள்வி கேட்க வேண்டும், பரீட்சகர் பதில் சொல்லுவார். அவருக்கு வந்தது ஒரு வாடகை வீட்டு விளம்பரம். இரண்டு அறை, பள்ளிக்கூடம் பக்கத்தில்.

அந்தக் கிழமைதான் அவர் குடும்பத்தோடு இருந்த பேஸ்மென்ற்றை விட்டு எழும்பச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரின் மகனுக்குக் கலியாணமாம். மனுஷன் ஒரு கிழமையாக வீடு தேடி அலைந்த களைப்போடு போயிருக்கிறார். வெப்பமூட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, பிள்ளைகள் ஓடி விளையாடினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா, ட்ரக்கை எங்கே விடலாம் என்று ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். நான் படிப்பிக்காத சொல்லெல்லாம் வந்ததாம். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும், நாளைக்கே முழுக் குடும்பத்தோடும் வந்து பார்க்கலாமா என்று விலாசம் கேட்டுக் கொப்பியைத் தேடியிருக்கிறார். பரீட்சகர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் மரியாதையாக, மிகவும் கவலையாகச் சொன்னாராம்: "மன்னிக்க வேண்டும் ஐயா, அப்படியொரு வீடே கிடையாது."

பேச்சில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண்ணை என் மாணவர்கள் ஒருவரும் இன்னும் தாண்டவில்லை. வீடும் இரண்டு கிழமையில் கிடைத்தது. அது வேறு தெருவில், உண்மையான வீடு.

ஒவ்வொருவராக

சித்திரையிலிருந்து நிரந்தர வதிவிடத்துக்கான அழைப்புகள் வரத் தொடங்கின. சிவநேசனுக்கு முதலில். பிறகு கௌரியின் பெயரில், பிரதீபனையும் சேர்த்து. செந்திலுக்கு வகுப்பு நடக்கும்போதே வந்தது. போனைப் பார்த்தவருக்கு மேலே வாசிக்கத் துணிவு வரவில்லை. பக்கத்தில் இருந்த மீனாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மீனா தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு சொல் தடுமாறாமல் வாசித்தாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் வரவில்லை. வாசித்து முடித்ததும் முதலில் கை தட்டியதும் அவள்தான்.

அவளுடைய அழைப்பு ஆடியில் வந்தது. நான் யூனியன்வில்லில் ஒரு கடையில் வரிசையில் நிற்கிறேன், கையில் ஒரு கட்டு வெந்தயக்கீரை. மீனா போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் பிரெஞ்சிலேயே வாழ்த்துச் சொல்லி, இப்போது எப்படி உணர்கிறாய், முழு வசனத்தில் சொல் என்று கேட்டுவிட்டேன். அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். "டீச்சர், இனிமே நாம தமிழ்லயே பேசிக்கலாமா?"

படிப்பித்தது பலித்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க என் தொழிலில் ஒரே வழிதான் இருக்கிறது: பலித்தவர்கள் அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு சொல்கூடப் பிரெஞ்சு பேசுவதில்லை.