மருமகள் கழுத்துக் கருப்பு

டெல்லி ஜனக்புரியில் மகனோடு இருக்கிறேன். மருமகளின் கழுத்தைச் சுற்றிப் பட்டையாகக் கருப்பு. பார்த்தாலே எனக்குக் குமட்டும். அவள் பிசைந்த மாவைக்கூடத் தொடமாட்டேன்.

"கண்றாவி! நல்லா தேய்ச்சுக் குளியேன்டி" என்று பீர்க்கங்காய் நாரை நீட்டுவேன்.

"தேய்ச்சாலும் போகலியேம்மா" என்பாள் பாவம்.

தேய்த்துத் தேய்த்து ஒருநாள் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. பயந்துபோய் டாக்டரிடம் போனோம்.

"மாதாஜி, இது அழுக்கே இல்லை. உடம்பில் சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அடையாளம். கவனிக்காவிட்டால் சர்க்கரை வியாதி வரலாம்" என்றார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது வீட்டில் சாதத்தைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிவிட்டோம். சாயங்காலம் நானும் மருமகளும் பார்க்கில் நடக்கிறோம். வெளியாட்களிடம் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அங்கே கழுத்துக் கருத்த பெண்ணைக் கண்டால் மட்டும், "பேட்டி, ஷுகர் பார்த்தியா?" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் இந்தியில் கேட்டுவிடுகிறேன்.