அஞ்சே நிமிஷம்

மேடவாக்கம் பெட்ரோல் பங்க்கில் ஒருவர், மனைவியை நிற்கவைத்துவிட்டு, பழைய பைக்கின் இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கைகளை நீட்டிப் புகையைச் சோதித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவின் பைக்குக்கும் இரண்டு சைலன்சர், இரண்டு கார்பரேட்டர்; இரண்டு பக்கமும் புகை ஒரே அளவில் வந்தால்தான் வண்டியை எடுப்பார். ஞாயிறானால் திருநீர்மலை போக அம்மா பட்டுப்புடவையில் வாசலில் காத்திருப்பாள்.

"இடதுபக்கம் கம்மியா வருது. அஞ்சே நிமிஷம்" என்று அப்பா கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவார். இடது சரியானால் வலது சொதப்பும். அதற்குள் கோயில் நடை சாத்திவிடும்.

ஒரு ஞாயிறு இரண்டும் ஒரே சீராகத் துடித்தன. "ஏறுடி!" என்று கத்தினார்.

"அம்மா அப்பவே பஸ்ல போயிட்டாப்பா" என்றேன்.

அப்பா மறுபடியும் உள்ளங்கைகளை நீட்டினார். "வலதுபக்கம் கம்மியோ?"

பங்க்கில் அந்த ஆளும் இப்போது "அஞ்சே நிமிஷம்" என்கிறார். பஸ் ஸ்டாப் எதிரிலேயே இருக்கிறது என்று அவர் மனைவியிடம் சொல்ல வாய் துடிக்கிறது.